சாய்கோடு

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
மின்தூக்கிக் கையேடு காலை ஒன்பதுக்கு
நகர மன்றத்துக்குப் போக வேண்டும்,
நான்கு மொழியில்.

ஸ்கிரிப்ட் என் கணினியில் ஓடவில்லை.
"என்னுடையதில் ஓடுகிறதே" என்கிறான் வெய் ஜியே,
பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து, எதையோ மென்றபடி.
எல்லோரும் சொல்வதுதான்.
வீட்டுக்கு வீடு வாசப்படி.
உயரம்தான் ஆளுக்கு ஆள் வேறு,
இடறி விழுகிறவருக்கு மட்டும் அது தெரியும்.

முதலில் பாதை.
இதை எழுதிய முகுந்தராஜ்
ஆக்லாந்து போய் மூன்று வருடம்.
ஸ்கிரிப்ட் இன்னும்
அவன் பெயர் போட்ட அடைவைத்தான் தேடுகிறது.
அதனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரும்
தன் கணினியில் அவனுக்கு ஓர் அறை கட்டுகிறோம்.
ஹிதாயாவிடம் உண்டு. வெய் ஜியேயிடம் உண்டு.
மூலையில் விசிறி இரைகிற சர்வரிலும் உண்டு.
வாடகை தராமல்
பதினோரு இடத்தில் குடியிருக்கிறான் முகுந்தராஜ்.
ஒரு வீவக வீட்டுக்கே
நான் நாலு முறை குலுக்கலில் நின்றவள்.

அப்புறம் எழுத்து.
படத்தின் பெயர் பெரிய எழுத்தில்,
அதைக் கூப்பிடுவது சின்ன எழுத்தில்.
ஹிதாயாவின் மேக் கண்டுகொள்ளாது.
எனக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை,
நம் அகரத்துக்கு ஏது தலைப்பாகை.
லினக்ஸ் மட்டும்
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி அதிகாரியாக
முகத்தையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
அப்படி யாரும் இல்லை என்கிறது.

சீனம் வந்தது. மலாய் வந்தது.
ஆங்கிலம் எப்போதும் வரும்.
தமிழில், பக்கம் பன்னிரண்டில்,
கதவைத் தொடாதீர் என்ற இடத்தில்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி வைத்த வட்டம்.
எச்சரிக்கையை முதலில் கடைப்பிடித்தவை
எழுத்துகள்தாம்.
எழுத்துருவை இறக்கி நிறுவ இருபது நிமிடம்.
அதற்குள் கோப்பி ஆறி மேலே ஆடை கட்டியது.

ஒன்று இருபதுக்கு
வரி நாற்பத்தேழில் நின்றது.

அது அட்டையில் பெயர் போடும் வரி.
அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்புங்கள் என்று
மனிதவளப் பிரிவு இந்த வருடம்தான் சொன்னது.
நிரப்பினேன்:
தமயந்தி டி/ஓ சின்னக்கண்ணு.

அந்தக் கட்டளைக்குப்
பழையது எங்கே முடிகிறது,
புதியது எங்கே முடிகிறது என்று
சாய்கோடுதான் காட்டும்.
டி வரைக்கும் என்னை வாங்கிக்கொண்டு
மிச்சத்தைத்
தெரியாத உத்தரவு என்று சொல்லிவிட்டது.
மிச்சம் என்பது என் அப்பா.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
இந்நேரம் இரவு ஷிப்டில் இருப்பார்.

"கோட்டை எடுத்துவிடேன், அவசரம்தானே."
வெய் ஜியே கெட்டவன் இல்லை.
அவன் பெயரின் இடைவெளி
வேறொரு ஸ்கிரிப்டை ஒருமுறை உடைத்தது.
அன்றிலிருந்து ஒட்டித்தான் எழுதுகிறான்.
நானும் எடுத்திருக்கிறேன்,
வங்கியில், விமானச் சீட்டில்,
'செல்லாத எழுத்து' என்று
கட்டம் சிவந்தபோதெல்லாம்.

இந்த முறை எடுக்கவில்லை.
பிரிக்கிற குறியை மாற்றினேன்.
சாய்கோடு இருந்த மூன்று இடத்திலும்
நேர்கோடு.
பெயரில் நேர்கோட்டோடு யாராவது
வேலைக்குச் சேரும்வரை தாங்கும்.

கை ஓடிய வேகத்தில்
முகுந்தராஜையும் காலி செய்தேன்,
பாதையைத் திருத்தினேன்,
படங்களுக்குச் சின்ன எழுத்து வைத்தேன்.
நான்கு மொழியும் வந்தன.
அட்டையில் அப்பா முழுதாக இருந்தார்.
சோதித்துப் பார் என்று அனுப்பிவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் வெய் ஜியே:
"என்னுடையதில் ஓடவில்லையே.
தமயந்தி என்று ஓர் அடைவு கேட்கிறது.
கட்டிவிடவா?"